கோட் அடிக்க உக்கார்றதுக்கு முன்னாடி: சிஸ்டத்தை டிசைன் பண்றதும் பிளான் போடறதும்

புது ப்ராஜெக்ட் ஒண்ணு கைக்கு வந்தா நம்மள்ல முக்கால்வாசி பேர் முதல்ல என்ன பண்றோம், ஒயிட்போர்டுல நாலு டப்பா வரைஞ்சு நடுவுல அம்புக்குறி போட்டு, ஒண்ணுக்கு க்யூன்னு பேர் வெச்சு இன்னொண்ணுக்கு கேஷ்னு பேர் வெச்சு, எந்த டேட்டாபேஸ் எந்த ஃப்ரேம்வொர்க்குன்னு சண்டையை ஆரம்பிச்சிருவோம். நானும் பல வருஷம் அப்படித்தான். சண்டை ஜாலியாத்தான் இருக்கும், ஆனா அங்க அடிச்சுக்கிட்டதுல பாதி விஷயத்தை பின்னாடி ஒரு வாரத்துல மாத்திக்கலாம். மாத்தவே முடியாத விஷயம் நாலஞ்சு இருக்கும், அதை யாரும் வாயே திறந்து பேசியிருக்க மாட்டோம். அதனால இப்பல்லாம் நான் ஒரே கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் டிசைனும் பண்றேன் பிளானும் போடறேன்: இந்த முடிவு தப்புன்னு தெரிஞ்சா பின்னாடி மாத்த எவ்ளோ வலிக்கும்? வலிக்காததை அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு போயிருவேன். வலிக்கறதுக்கு மட்டும் நாள் கணக்கா உக்காருவேன்.

பொதுவா பேசிட்டே போனா தூக்கம் வரும், ஒரு உதாரணத்தை புடிச்சுக்கலாம். ஒரு பெரிய கிளினிக், 40 டாக்டர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 அப்பாயின்ட்மென்ட். இப்ப எல்லாம் ஃபோன்லயும் நோட்டுலயும் ஓடுது, அதை ஆன்லைன்ல கொண்டு வரணும். டீம்ல மூணு பேர், கையில எட்டு வாரம். கடைசி வரைக்கும் இதையே வெச்சு பேசறேன்.

முதல்ல அந்த நோட்டை பாருங்க

ரிக்வயர்மென்ட்னு ஒரு டாக்குமென்ட் அனுப்புவாங்க, படிங்க, ஆனா அதை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீங்க. அதை எழுதினவர் மேனேஜரா இருப்பார், தினமும் அந்த வேலையை பண்றவர் வேற ஆளா இருப்பார். ரிசப்ஷன்ல உக்கார்றவங்க பக்கத்துல ஒரு நாள் சும்மா ஒரு சேர் போட்டு உக்காருங்க, கேள்வி கூட ரொம்ப கேக்க வேணாம், அவங்க நோட்டுல ஓரத்துல என்ன கிறுக்கறாங்கன்னு மட்டும் பாருங்க. கட்டத்துக்குள்ள எழுதறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சிஸ்டத்தை கவுக்கப்போறது அந்த ஓரத்துல இருக்கற கிறுக்கல்தான். டாக்டர் அரை மணி லேட்டா வந்தா பின்னாடி இருக்கற எல்லாரையும் தள்ளணும். ஒரே ஃபோன் நம்பர்ல அம்மா, பையன், பாட்டி மூணு பேருக்கும் புக் பண்ணுவாங்க. அவசரமா வர்றவங்களுக்குன்னு ரெண்டு ஸ்லாட் வெளிய சொல்லாம வெச்சிருப்பாங்க. இதுல எதுவுமே அந்த டாக்குமென்ட்ல இருக்காது, ஏன்னா அவங்களுக்கு இது ஒரு விஷயமாவே தெரியாது, மூச்சு விடற மாதிரி பண்ணிட்டு இருப்பாங்க.

அந்த ஃபோன் நம்பர் மேட்டர் ஒண்ணு போதும். அதை பாக்காம வந்திருந்தா பேஷன்ட்டோட அடையாளமே ஃபோன் நம்பர்தான்னு டேட்டாபேஸ்ல டேபிள் போட்டிருப்பீங்க, ஆறு மாசம் கழிச்சு பாட்டியோட ரிப்போர்ட் பேரனோட பேர்ல வந்து நிக்கும், அதை அப்ப பிரிக்கறது நரகம்.

பாத்துட்டு வந்ததும் ஒரு பேப்பர்ல ரெண்டு லிஸ்ட் எழுதுங்க. ஒண்ணு இந்த சிஸ்டம் என்ன பண்ணும், இன்னொண்ணு என்ன பண்ணாது. ரெண்டாவது லிஸ்ட்தான் பெருசா இருக்கணும். பேமென்ட் இல்ல, மருந்து சீட்டு இல்ல, டாக்டருக்கு தனி ஆப் இல்ல, இப்படி. இதை காசு கொடுக்கறவர்கிட்ட காட்டி அவர் வாயால சரின்னு சொல்ல வைங்க. அது இல்லேன்னா புள்ளையார் புடிக்கப் போய் குரங்கா முடியும், அதுவும் ஆறாவது வாரத்துல.

நம்பரை போட்டு பாருங்க, பாதி சண்டை அதுலயே முடிஞ்சிரும்

இதை யாரும் பண்றதே இல்ல, ஆனா பத்து நிமிஷ வேலை. ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், இந்த ஒரு நம்பரை மனசுல வெச்சுக்கோங்க. நம்ம கிளினிக்ல 40 பெருக்கல் 30, ஒரு நாளைக்கு 1,200 புக்கிங். ஒருத்தர் புக் பண்றதுக்குள்ள டாக்டர் லிஸ்ட் பாப்பார், தேதி பாப்பார், வீட்டுல கேட்டுட்டு திரும்பி வருவார், தாராளமா ஒரு புக்கிங்குக்கு சர்வருக்கு 20 ரிக்வெஸ்ட் போகுதுன்னு வைங்க. 24,000 ரிக்வெஸ்ட். 86,400 ஆல வகுத்தா செகண்டுக்கு ஒண்ணு கூட தேறல. ஆனா சராசரியை நம்பாதீங்க, ஜனங்க சராசரியா வர மாட்டாங்க. காலையில புக்கிங் திறந்த முதல் 10 நிமிஷத்துல பாதி பேர் வந்து மோதறாங்கன்னு வைங்க, 12,000 ரிக்வெஸ்ட் 600 செகண்ட்ல, அதாவது செகண்டுக்கு 20. இதை ஒரு சாதாரண சர்வரும் ஒரு சாதாரண டேட்டாபேஸும் கொட்டாவி விட்டுட்டே பண்ணும்.

டேட்டா எவ்ளோ சேரும்? வருஷத்துக்கு 300 நாள்னா 3,60,000 புக்கிங், ஒவ்வொண்ணும் ஒரு கிலோபைட்னா 360 மெகாபைட். பத்து வருஷ டேட்டா உங்க ஃபோன்ல அடங்கிரும். இப்ப யாராவது வந்து மைக்ரோசர்வீஸ் போடலாமா (சிஸ்டத்தை தனித்தனியா ஓடற குட்டி சர்வீஸா உடைக்கறது), காஃப்கா வெச்சுக்கலாமான்னு (பெரிய அளவுல மெசேஜை வாங்கி அனுப்பற சாஃப்ட்வேர்) கேட்டா இந்த பேப்பரை எடுத்து நீட்டுங்க. உங்க நம்பர் இதை விட ஆயிரம் மடங்கு பெருசா வந்தா அப்ப அந்த பேச்சுக்கு அர்த்தம் இருக்கு, அப்பவும் எந்த இடத்துல பெருசுன்னு அதே பேப்பர்தான் சொல்லும்.

இன்னொரு நம்பரையும் கட்டாயம் கேட்டு வாங்குங்க, சிஸ்டம் எவ்ளோ நேரம் படுத்தா பரவால்ல. எல்லாரும் படுக்கவே கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. அப்ப இப்படி திருப்பி கேளுங்க: 99.9 சதவீத நேரம் ஓடணும்னா மாசத்துக்கு 43 நிமிஷம் படுக்கலாம், 99.99னா நாலு நிமிஷம்தான். அந்த நாலு நிமிஷத்துல ஆள் எழுந்து லேப்டாப்பை திறக்கறதுக்குள்ளயே டைம் முடிஞ்சிரும், அதனால எல்லாமே தானா சரியாகற மாதிரி கட்டணும், அதுக்கு ஆகற செலவே வேற. கிளினிக்குக்கு ராத்திரி ஒரு மணி நேரம் படுத்தா யாருக்கும் தெரியப்போறதில்ல, காலையில எட்டு மணிக்கு படுத்தாதான் கலவரம். இது தெரிஞ்சா எப்ப ரிலீஸ் பண்றதுங்கறதும் சேர்ந்து முடிவாயிரும்.

டேட்டாதான் உயிர், அங்க உக்காருங்க

ஸ்க்ரீனை மாத்திரலாம், கோடை தூக்கிப் போட்டு திரும்ப எழுதிரலாம், ஆனா மூணு வருஷம் தப்பான வடிவத்துல சேந்த டேட்டாவை சரி பண்றது ரொம்ப கஷ்டம். அதனால என்னோட டிசைன் நேரத்துல பாதிக்கு மேல டேபிள்லதான் போகும். நாலு இடத்தை மட்டும் சொல்றேன், நான் அடி வாங்கினது எல்லாம் இதுலதான்.

முதல்ல ஒரே ஸ்லாட்டுக்கு ரெண்டு பேர். ஸ்லாட் காலியா இருக்கான்னு செக் பண்ணு, இருந்தா இன்ஸர்ட் பண்ணுன்னு (டேபிள்ல புது வரி சேக்கறது) எல்லாரும் எழுதுவோம், உங்க லேப்டாப்ல நீங்க ஒருத்தரே டெஸ்ட் பண்றப்ப சூப்பரா ஓடும். காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேர் ஒரே மில்லிசெகண்ட்ல வந்தா ரெண்டு பேருக்குமே காலின்னு பதில் வரும், ரெண்டு பேருமே உள்ள போயிருவாங்க. இதை கோடுல தடுக்கப் பாக்காதீங்க, டேட்டாபேஸ்லயே டாக்டர், நேரம் ரெண்டையும் சேர்த்து யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது இந்த ஜோடி ரெண்டாவது தடவை வரக்கூடாதுங்கற விதி, போட்டுருங்க, ரெண்டாவது ஆள் இன்ஸர்ட் பண்றப்ப டேட்டாபேஸே கதவை சாத்திரும், நீங்க அந்த எர்ரரை புடிச்சு 'இப்பதான் வேற ஒருத்தர் எடுத்துட்டார்'னு காட்டினா போதும். இங்க ஒரு சின்ன பொறி இருக்கு: கேன்சல் பண்ணா நீங்க வரியை அழிக்கக்கூடாது, யார் எப்ப கேன்சல் பண்ணாங்கன்னு நாளைக்கு கேப்பாங்க, அதனால ஸ்டேட்டஸை மட்டும் மாத்துவீங்க. ஆனா கேன்சல் ஆன வரி அங்கயே உக்காந்திருந்தா அந்த யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் அடுத்த ஆளை உள்ள விடாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்னா கேன்சல் ஆகாத வரிகளுக்கு மட்டும் யுனிக்னு பார்ஷியல் இன்டெக்ஸ் போடலாம், அழகா வேலை செய்யும்.

ரெண்டாவது டபுள் கிளிக். ஆள் பட்டனை அமுக்கறார், நெட் மெதுவா இருக்கு, கோவத்துல இன்னும் ரெண்டு தடவை அமுக்கறார். இல்லேன்னா ரிக்வெஸ்ட் சர்வருக்கு போயிருச்சு, பதில் திரும்பி வர்ற வழியில நெட் கட், ஆப் தானாவே மறுபடி அனுப்புது. பட்டனை டிசேபிள் பண்ணிட்டா போதும்னு நினைக்காதீங்க, அது கண்துடைப்பு. ஆப் பக்கத்துலயே ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி ஐடி போட்டு அனுப்பச் சொல்லுங்க, சர்வர் அந்த ஐடியை ஏற்கனவே பாத்திருந்தா புதுசா ஒண்ணும் பண்ணாம பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கட்டும். காசு சம்பந்தப்பட்ட எந்த சிஸ்டமும் இது இல்லாம வெளிய வரவே கூடாது.

மூணாவது நேரம். எல்லாத்தையும் யூடிசில (உலகம் முழுக்க ஒண்ணா இருக்கற பொது நேரம்) சேவ் பண்ணுன்னு ஒரு அறிவுரை சுத்திட்டு இருக்கு, நடந்து முடிஞ்ச விஷயத்துக்கு அது சரி. வரப்போற அப்பாயின்ட்மென்ட்டுக்கு அது முழுசா சரியில்ல, ஏன்னா சில நாடுகள்ல கடிகாரத்தை முன்ன பின்ன திருப்பற சட்டத்தையே திடீர்னு மாத்திருவாங்க, அப்ப நீங்க யூடிசிக்கு மாத்தி வெச்ச பத்து மணி அப்பாயின்ட்மென்ட் ஒன்பது மணியா போய் நிக்கும். சுவத்துல இருக்கற கடிகாரத்தை பாத்து சொல்ற நேரத்தையும் எந்த ஊர் டைம்ஸோன்ங்கறதையும் அப்படியே சேவ் பண்ணுங்க, கணக்கு போடத்தான் யூடிசி.

நாலாவது காசு, இது சின்னதா சொல்லிட்டு போறேன். ஃப்ளோட்ல, அதாவது புள்ளி வெச்ச எண்ணை தோராயமா வைக்கற டைப்ல, வைக்காதீங்க. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்க, 0.30000000000000004னு வரும். இருக்கறதுலயே சின்ன காசுல முழு எண்ணா வைங்க, இல்ல டெசிமல் டைப்ல வைங்க.

எதை எங்க பிரிக்கறது

1972ல பார்னஸ்னு ஒருத்தர் எழுதின பேப்பர் இருக்கு, அதோட சாரம் என்னன்னா ப்ரோக்ராமை வேலை நடக்கற வரிசைப்படி பிரிக்காதே, எது மாறும்னு தோணுதோ அதை ஒவ்வொரு டப்பாக்குள்ள ஒளிச்சு வெய். அம்பது வருஷம் தாண்டியும் இதை விட நல்ல அளவுகோல் எனக்கு கிடைக்கல. நம்ம கிளினிக்ல எஸ்எம்எஸ் அனுப்பற கம்பெனி கண்டிப்பா மாறும், அதனால கோடு முழுக்க அவங்க ஏபிஐயை (அவங்க சிஸ்டத்தை நம்ம கோடு கூப்பிடற வழி) தூவி வைக்காம ஒரே ஒரு மாட்யூலுக்குள்ள பூட்டி வைங்க. ஸ்லாட் எப்படி உருவாகுதுங்கற விதி மாறிட்டே இருக்கும், அது ஒரு மாட்யூல். அவ்ளோதான், எல்லாம் ஒரே அப்ளிகேஷன், ஒரே டிப்ளாய்மென்ட், அதாவது சர்வர்ல ஏத்தறதும் ஒண்ணாத்தான். மூணு பேர் இருக்கற டீம்ல ஏழு சர்வீஸ் வெச்சிருக்கறதை நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு ஃபீல்ட் சேக்கறதுக்கு நாலு ரெப்போல (கோடை சேத்து வைக்கற இடம்) கை வைக்கணும், ஒரு பக் வந்தா எந்த லாக்குல தேடறதுன்னே ஒரு மணி நேரம் போகும்.

மெல்வின் கான்வேன்னு ஒரு ப்ரோக்ராமர் 1968லயே சொல்லிட்டார், ஒரு நிறுவனம் எப்படி தங்களுக்குள்ள பேசிக்குதோ அதே வடிவத்துலதான் அவங்க கட்டற சிஸ்டமும் இருக்கும்னு. இதை திருப்பி போட்டு யூஸ் பண்ணலாம், தனித்தனி டீம் வந்தப்பறம் தனித்தனி சர்வீஸ் வெச்சுக்கலாம், அதுக்கு முன்னாடி வேணாம்.

ரெண்டு பாகம் சேர்ற இடத்தை மட்டும் எழுத்துல வைங்க. நாசா செவ்வாய்க்கு அனுப்பின மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999ல போய் சேந்தும் காணாம போச்சே, அதுக்கு காரணம் ஒரு டீமோட சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்குல நம்பர் கொடுத்துச்சு, வாங்கின பக்கம் நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. ரெண்டு பக்க கோடையும் தனித்தனியா பாத்தா ஏதோ ஒரு நம்பர் போகுது, ஏதோ ஒரு நம்பர் வருது, நடுவுல அது என்ன அலகுன்னு யாரும் புடிச்சுக் கேக்கல. அதனால ஒவ்வொரு ஏபிஐக்கும் என்ன அலகு, எந்த டைம்ஸோன், பதில் வர எவ்ளோ நேரம் காத்திருக்கணும், வரலேன்னா என்ன பண்ணணும், இந்த நாலையும் எழுதி வைங்க. கடைசி கேள்விதான் பொக்கிஷம். எஸ்எம்எஸ் கம்பெனி சர்வர் படுத்தா புக்கிங்கும் படுக்கணுமா? வேணாம்ல. அப்ப புக்கிங் சேவ் பண்ற அதே ட்ரான்ஸாக்ஷன்ல (நடந்தா எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லேன்னா எதுவுமே நடக்காது), அனுப்ப வேண்டிய மெசேஜ்னு இன்னொரு டேபிள்ல ஒரு வரி எழுதிட்டு போயிருங்க, தனியா ஓடற ஒரு சின்ன ப்ராசஸ் அந்த டேபிளை பாத்து பாத்து அனுப்பிட்டு இருக்கட்டும், ஃபெயில் ஆனா திரும்ப முயற்சி பண்ணட்டும். பெரிய க்யூ சிஸ்டம் எதுவும் வேணாம், செகண்டுக்கு ஒரு மெசேஜ் கூட இல்லேன்னு மேலயே கணக்கு போட்டுட்டோம்.

ரெண்டு பக்கம் எழுதுங்க, அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க

என்ன பிரச்சனை, என்ன பண்ணப்போறோம், என்ன பண்ணப்போறதில்ல, டேபிள் எப்படி, எது எல்லாம் உடையலாம், அவ்ளோதான். கூடவே முடிவுகளுக்குன்னு ஒரு ஃபைல் தனியா வைங்க, தேதி, என்ன முடிவு, எதை வேணாம்னு விட்டோம், ஏன். அந்த ஏன்தான் முக்கியம், ஒரு வருஷம் கழிச்சு புதுசா வர்ற ஆள் 'எந்த முட்டாள் இப்படி பண்ணான்'னு கேப்பான், அந்த முட்டாள் நீங்களாவே இருப்பீங்க, உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

டாக்குமென்ட்டை அனுப்பி 'ஏதாவது கமென்ட் இருக்கா'ன்னு கேட்டா ஒருத்தனும் பதில் போட மாட்டான், தம்ஸ் அப் போட்டுட்டு போயிருவாங்க. அதுக்கு பதிலா எல்லாரையும் அரை மணி நேரம் உக்கார வெச்சு இப்படி கேளுங்க: ஆறு மாசம் ஆச்சு, இந்த ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சு, எதனாலன்னு ஆளாளுக்கு எழுதுங்க. பேசாம எழுதச் சொல்லுங்க, பேச விட்டா சீனியர் சொல்றதுக்கு தலையாட்டுவாங்க. ஊத்திக்கும்னு சொன்னா நெகட்டிவ் ஆளுன்னு பேர் வந்துரும்னு வாய மூடிட்டு இருந்தவங்க கூட, ஏற்கனவே ஊத்திக்கிச்சுன்னு சொல்லிட்டா கதை கதையா எழுதுவாங்க. எனக்கு கிடைச்ச நல்ல எச்சரிக்கை எல்லாம் டீம்லயே ஜூனியரா இருந்தவங்க எழுதின சீட்டுலதான் வந்திருக்கு.

இப்ப பிளான்: பயமா இருக்கறதை முதல்ல வைங்க

மனுஷ புத்தி என்னன்னா தெரிஞ்ச வேலையை முதல்ல பண்ணும். லாகின் ஸ்க்ரீன், ப்ரொஃபைல் பேஜ், கலர். ரெண்டு வாரத்துல நிறைய முடிஞ்ச மாதிரி தெரியும், டெமோ பாத்து எல்லாரும் கை தட்டுவாங்க. ஒரு ப்ராஜெக்ட்ல நானும் அப்படித்தான் பண்ணேன், பழைய டேட்டாவை கொண்டு வர்றதை கடைசி வாரத்துக்கு தள்ளி வெச்சேன், எக்ஸெல் ஃபைல் தானே, ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினா முடிஞ்சுதுன்னு. ஃபைலை திறந்து பாத்தா ஒரே ஆளோட பேர் மூணு ஸ்பெல்லிங்ல, பிறந்த தேதில சிலருக்கு நாள் முன்னாடி சிலருக்கு மாசம் முன்னாடி, ஒரு ஃபீல்ட்ல 'பழைய நோட்டு பாக்கவும்'னு எழுதியிருந்துச்சு. கடைசில அந்த ஒரு வாரம் ஆறு வாரமாச்சு, அதுல பாதி நேரம் கோடே இல்ல, எது எந்த ஆள்னு அவங்ககிட்ட உக்காந்து கேட்டுட்டு இருந்ததுதான்.

அதனால வேலை லிஸ்ட்டை எழுதிட்டு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது எனக்கு எவ்ளோ தெரியாதுன்னு மார்க் போடுங்க. ரொம்ப தெரியாதது மேல வரணும். அதுக்கு ரெண்டு நாள் மட்டும் ஒதுக்கி, தூக்கிப் போடப்போற கோடு எழுதி பாத்துருங்க, கேள்விக்கு பதில் கிடைச்சா போதும், அந்த கோடை ஆசைப்பட்டு எடுத்து வெச்சுக்காதீங்க. கூடவே முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு எலும்புக்கூடு நிக்கணும்: ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு ஸ்லாட், பட்டனை அமுக்கினா நிஜ சர்வர்ல நிஜ டேட்டாபேஸ்ல போய் உக்காந்து நிஜ ஃபோனுக்கு எஸ்எம்எஸ் வரணும். பாக்க கேவலமாத்தான் இருக்கும், இருக்கட்டும். டிப்ளாய்மென்ட், பாஸ்வேர்ட், ஃபயர்வால், எஸ்எம்எஸ் அக்கவுன்ட் அப்ரூவல், இந்த மாதிரி நாள் தின்னி எல்லாம் அப்பவே வெளிய வந்துரும். அதுல பல வேலைக்கு நீங்க உழைக்கவே வேணாம், யாரோ ஒருத்தர் கையெழுத்துக்காக காத்துட்டு மட்டும் இருக்கணும், அதனாலதான் அதை முதல் நாளே ஆரம்பிச்சு விடணும்.

எஸ்டிமேட் கேட்டா என்ன சொல்றது

ஒரு வேலை ரெண்டு நாளைக்கு மேல ஆகும்னு தோணினா உடைங்க. உடைக்க முடியலேன்னா உங்களுக்கு அந்த வேலையே இன்னும் புரியலேன்னு அர்த்தம், அதுக்கு நம்பர் சொல்லாதீங்க, பாத்துட்டு சொல்றேன்னு சொல்லுங்க. புரிஞ்சும் சந்தேகமா இருக்கறதுக்கு மூணு நம்பர் எழுதுங்க, எல்லாம் நல்லா போனா, சாதாரணமா, எல்லாம் சொதப்பினா. நடு நம்பரை நாலு மடங்காக்கி மத்த ரெண்டையும் கூட்டி ஆறால வகுங்க. டேட்டா இம்போர்ட்டுக்கு 2, 4, 12னு வெச்சா 2 கூட்டல் 16 கூட்டல் 12, மொத்தம் 30, ஆறால வகுத்தா 5 நாள். இது 1958ல அமெரிக்க கடற்படை பொலாரிஸ் ஏவுகணை திட்டத்துக்கு போட்ட கணக்கு. ஃபார்முலா பெரிய விஷயம் இல்ல, அந்த 12ஐ எழுத வைக்குது பாருங்க, அதுதான் விஷயம். ஏன் 12ன்னு யாராவது கேப்பாங்க, அப்பதான் உண்மை வெளிய வரும்.

அப்பறம் நாள் கணக்கு. மூணு பேர், எட்டு வாரம், வாரத்துக்கு 5 நாள், 120 ஆள்நாள்னு எக்ஸெல் சொல்லும். நான் 60ன்னுதான் எடுத்துப்பேன். லீவு, மீட்டிங், ஒருத்தர் கோடை இன்னொருத்தர் ரிவ்யூ பண்றது, பழைய ப்ராஜெக்ட்ல இருந்து வர்ற ஃபோன் கால், டெஸ்ட் பண்றது, டெஸ்ட்ல வந்ததை சரி பண்றது, பேக்கப் எடுத்து அது திரும்ப வருதான்னு பாக்கறது, ரிசப்ஷன்ல சொல்லிக் கொடுக்கறது, இது எதுவுமே யாரோட எஸ்டிமேட்லயும் இருக்காது ஆனா எல்லாமே நடக்கும். 60 என் அனுபவ நம்பர், உங்க டீமுக்கு போன ப்ராஜெக்ட்ல என்ன ஆச்சுன்னு எடுத்து பாத்துக்கோங்க.

மேனேஜர்கிட்ட ஒரே தேதி சொல்லாதீங்க. ஏழுல இருந்து பத்து வாரம், எலும்புக்கூடு நின்னதும் இன்னும் சரியா சொல்றேன்னு சொல்லுங்க. அவர் எட்டாவது வாரம்தான் வேணும், தேதி அசையாதுன்னு சொன்னா சரி, அப்ப வேலையை குறைக்கணும், அதை முதல் வாரத்துலயே குறைங்க, அவசரத்துல அண்டாக்குள்ள கை போகாது. நம்ம கேஸ்ல முதல் ரிலீஸுக்கு புக்கிங்கும் கேன்சலும் மட்டும், டாக்டருக்கு ஸ்க்ரீன் கிடையாது, காலையில அன்னிக்கு லிஸ்ட்டை பிரின்ட் எடுத்து டேபிள்ல வெச்சா போதும். அதுவும் முதல்ல மூணு டாக்டருக்கு மட்டும்.

வேலையும் குறைக்க மாட்டேன் தேதியும் மாத்த மாட்டேன், ரெண்டு ஆளை கூட போடறேன்னு சிலர் வருவாங்க, பெரும்பாலும் ப்ராஜெக்ட் லேட் ஆனதுக்கு அப்பறம்தான் வருவாங்க. ஐபிஎம்ல பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை மேய்ச்ச ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லயே எழுதி வெச்சிட்டார், லேட்டான ப்ராஜெக்ட்ல ஆளை சேத்தா இன்னும் லேட் ஆகும்னு. கணக்கு சிம்பிள், 5 பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா 10 ஜோடி பேசிக்கணும், 10 பேர் ஆனா 45 ஜோடி. புது ஆளுக்கு சொல்லிக் கொடுக்கறதும் ஏற்கனவே மூச்சு வாங்கிட்டு இருக்கற அதே பழைய ஆள்தான்.

ரிலீஸையும் சேர்த்து பிளான் பண்ணுங்க

2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிடல்னு ஒரு அமெரிக்க ஷேர் டிரேடிங் கம்பெனி. எட்டு சர்வர்ல புது கோடு போடணும், ஒண்ணுல விட்டுப்போச்சு. புது கோடுக்கு ஆன் பண்ண ஸ்விட்ச், பழைய கோடுல வேற ஒரு வேலைக்கு இருந்த அதே ஸ்விட்ச், பல வருஷமா யாரும் தொடாத அந்த பழைய ப்ரோக்ராம் எட்டாவது சர்வர்ல முழிச்சுக்கிட்டு ஆர்டரா அடிச்சுத் தள்ளுச்சு. முக்கால் மணி நேரத்துல 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். இதுல கொடுமை என்னன்னா நடுவுல பதறிப்போய் மத்த ஏழு சர்வர்லயும் புது கோடை எடுத்துட்டாங்க, அதோட அந்த ஏழுலயும் பழைய ப்ரோக்ராம் எழுந்துக்கிச்சு. திரும்பிப் போற வழி பாதுகாப்பானதான்னு யாரும் முன்னாடியே நடந்து பாக்கல.

அதனால டிப்ளாய் பண்றதை கையால பண்ணாதீங்க, ஒரு ஸ்க்ரிப்ட் பண்ணட்டும், பண்ணி முடிச்சதும் எல்லா சர்வர்லயும் ஒரே வெர்ஷன்தான் ஓடுதான்னு அதுவே பாக்கட்டும். யூஸ் ஆகாத கோடை அழிங்க, பழைய ஸ்விட்ச் பேரை புது வேலைக்கு எடுக்காதீங்க. ரோல்பேக் பண்றதை, அதாவது பழைய வெர்ஷனுக்கு திரும்பறதை, ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தடவை நிஜமாவே பண்ணிப் பாருங்க. டேபிள்ல ஒரு ஃபீல்டோட பேரை மாத்தணும்னா ஒரே அடியா மாத்தாதீங்க, முதல்ல புது ஃபீல்டை பக்கத்துல சேருங்க, கோடு கொஞ்ச நாள் ரெண்டுலயும் எழுதட்டும், பழைய டேட்டாவை புதுசுக்கு நகர்த்துங்க, அப்பறம் புதுசுல இருந்து மட்டும் படிக்க வைங்க, ஒரு வாரம் பிரச்சனை இல்லேன்னா பழசை எடுங்க. அஞ்சு ரிலீஸ் ஆகும், சலிப்பாத்தான் இருக்கும், ஆனா எந்த இடத்துல நின்னாலும் ஒரு படி பின்னாடி போகலாம்.

வாரா வாரம் ஓடறதை காட்டுங்க, ஸ்லைடை இல்ல. தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுதுங்கற பேச்சே வேணாம், அது மூணு வாரம் தொண்ணூறாவே நிக்கும். முடிஞ்சுது, முடியல, ரெண்டே பதில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிளானை திறந்து இந்த வாரம் புதுசா என்ன தெரிஞ்சுதோ அதை வெச்சு திருத்துங்க, தேதி நகருதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே சொல்லிருங்க. மூணாவது வாரத்துல சொன்னா மேனேஜர் கடுப்பாவார், ஏழாவது வாரத்துல சொன்னா உங்களை நம்பறதையே விட்டுருவார்.

லைவ் போனதும் நோட்டை புடுங்கிறாதீங்க. ரெண்டு வாரம் நோட்டும் சிஸ்டமும் சேர்ந்தே ஓடட்டும், சாயங்காலம் ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க, எங்க வித்தியாசம் வருதோ அங்கதான் நீங்க பாக்காம விட்ட ஓரத்து கிறுக்கல் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சும் ரிசப்ஷன்ல ஒருத்தர் மட்டும் நோட்டுல எழுதிட்டு இருந்தா அவங்களுக்கு டிரெயினிங் பத்தலேன்னு முடிவு கட்டாதீங்க, திரும்பவும் சேரை போட்டு பக்கத்துல உக்காந்து என்ன எழுதறாங்கன்னு பாருங்க.